அசையாமல் இருக்கும் உத்தியோகம்

சிங்கவரத்தில் வீரமணியைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் கால் ஆட்டுவது தெரியாதவர்களும் இல்லை. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சும் சேர்ந்து ஆடும், பக்கத்தில் இருப்பவர் கையிலுள்ள டீ தளும்பும். வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் ஒரு முழங்கால் மட்டும் தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கால் ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் மனைவி ரஞ்சிதம் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். அப்பேர்ப்பட்ட மனுஷன் என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? சிரிக்காமல் கேளுங்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கிற உத்தியோகம்.

புதுச்சேரியில் ஓர் ஓவியக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் மனித உடம்பைப் பார்த்து வரையப் பழக வேண்டும். அதற்கு வகுப்பின் நடுவில் ஒரு மரமேடை போட்டு, ஒருவரை அதில் உட்கார வைப்பார்கள். அந்த ஆளுக்கு மாடல் என்று பெயர். மாடல் என்றதும் விளம்பரத்தில் வருகிற ஆசாமிகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். வரைகிறவர்களுக்கு அந்த வழவழப்பெல்லாம் வேண்டாம். வெயிலில் நின்று, சுமை தூக்கி, எலும்பும் நரம்பும் எங்கே இருக்கிறதென்று வெளியிலிருந்தே தெரிகிற உடம்புதான் வேண்டும். வீரமணியிடம் அது தாராளமாக இருந்தது.

ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்கினார். கமிட்டி என்றால் நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகிற மார்க்கெட். அறுவடைக் காலத்தில் அங்கே ரோடு வரைக்கும் மூட்டை நிற்கும். வாலிபத்திலிருந்து தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. பிறகு ஒரு தை மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் மூட்டையைத் தொட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரஞ்சிதம் களை எடுக்கப் போனாள். வீரமணி வீட்டில் இருந்தார்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெளியில் போய் வரைந்து பழகுவதற்கென்று அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் அன்றைக்குப் பேருந்து வைத்துக்கொண்டு கோட்டைக்கு வந்திருந்தார்கள். கோட்டையை வரைய வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கோட்டையை விட்டுவிட்டு இவரை வரைய ஆரம்பித்துவிட்டார்கள். இடுப்பு வலியில் மனுஷன் அசையவே இல்லை. அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. கூட வந்த ஆசிரியர் தனசேகரன் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லூரிக்கு வந்து இதே மாதிரி உட்கார முடியுமா, வாரத்தில் நாலு நாள் வேலை இருக்கும் என்று மரியாதையாகக் கேட்டார். வீரமணி முதலில் கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தார்.

வேலை கிடைத்தது சரி. வீட்டில் என்னவென்று சொல்வது? எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளையைத் திட்ட எத்தனையோ வார்த்தை உண்டு. குடிகாரன் என்றால்கூடச் சிரித்துக்கொண்டு போய்விடுவான். ‘சும்மா உட்கார்ந்திருக்கிறான்’ என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவன் தெருவில் தலைநிமிர முடியாது. அந்த வாரம்தான் ஒரு காதுகுத்தில் ரஞ்சிதத்தின் தம்பி துரைக்கண்ணு, பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, எங்க மாமா வீட்டில் சும்மாத்தான் உட்கார்ந்திருக்கிறார், அக்காதான் வெயிலில் வேகிறாள் என்று சொல்லியிருந்தான். அந்தச் சூடு ஆறவில்லை. அதனால் ரஞ்சிதம் என்ன வேலை என்று கேட்டதும் வீரமணியின் வாயில் தானாக வந்துவிட்டது: “காலேஜ்ல. ஆபீஸ் வேலை.”

அவ்வளவுதான். ஆபீஸ் என்ற வார்த்தை ரஞ்சிதத்தின் காலைப் பொழுதை மறுநாளிலிருந்து மாற்றிவிட்டது. அவள் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினாள். விடிந்ததும் வெள்ளைச் சட்டையை விரித்து, காலர், கை, முதுகு என்று மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். வீரமணி அதைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்க மொபெட்டில் செஞ்சிக்குப் போவார். வழியில் மகள் வெண்மதியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, திருவண்ணாமலையிலிருந்து வருகிற பாண்டி பஸ்ஸில் சட்டை கசங்காமல் நின்றுகொண்டே போவார். கல்லூரிக்குள் நுழைந்ததும் முதல் காரியம், சட்டையைக் கழற்றிச் சுவரிலிருக்கும் ஓர் ஆணியில் மாட்டுவது. அந்தச் சட்டைக்கு அங்கே அதுதான் உத்தியோகம்.

சட்டை இல்லாமல் உட்கார்வதில் அவருக்கு வெட்கமில்லை. நம்ம ஊரில் எந்த ஆம்பிளை வீட்டில் சட்டையோடு இருக்கிறான்? சும்மா இருப்பதுதான் வெட்கமாக இருந்தது. ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று போகப் போகத்தான் அவருக்கே தெரிந்தது. மூக்கு அரிக்கும். கால் மரத்துப்போகும். ஈ ஒன்று வந்து புருவத்தில் உட்கார்ந்து குடும்பம் நடத்தும். எதற்கும் அசையக்கூடாது. ஓய்வுக்கு எழுந்து போனால் திரும்ப அதே இடத்தில் அதே மாதிரி உட்காருவதற்காக, பாதத்தைச் சுற்றியும் கையைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள். வீரமணிக்கு அந்தக் கோடே தேவைப்படாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். செஞ்சிப் பாறை என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். இருந்த அசையாமையை எல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வருவதால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் கால் தன் பங்குக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

பிள்ளைகள் அவரை மாடல் அண்ணா என்று கூப்பிட்டார்கள். அவர்களிடம் அவருக்குத் தனிப் பாசம். படிப்பு முடிக்கிறவர்கள் தாங்கள் வரைந்ததில் நல்லதாகப் பொறுக்கிப் பெரிய ஃபைலில் அடுக்கிக்கொண்டு வேலை தேடிப் போவார்கள். கார்ட்டூன் படக் கம்பெனி, சினிமா செட்டு, பாடப்புத்தகத்துக்குப் படம் போடுகிற இடம், நகைக்கு டிசைன் வரைகிற இடம் என்று ஆளுக்கொரு திசை. எல்லார் ஃபைலிலும் வீரமணி இருப்பார். ஒரு பையன் ஓடி வந்து, அண்ணா, நீங்கள் பெங்களூர் போய் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டான். பம்பாய்க்கும் பரோடாவுக்கும்கூட அவர் இப்படிப் போயிருக்கிறார். திண்டிவனத்தைத் தாண்டிப் பாண்டி, அதைத் தாண்டி வேறு ஊர் பார்க்காத மனுஷன்.

இதையெல்லாம் வீட்டில் யாரிடம் சொல்ல முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அந்தச் சோற்றைச் சாகிறவரைக்கும் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீட்டில் ஒரு கை வரைந்துகொண்டே இருந்தது. வெண்மதிக்குக் கையில் எது கிடைத்தாலும் அதில் படம்தான். வீரமணி கல்லூரியிலிருந்து பிள்ளைகள் ஒதுக்கிய தாளும், தேய்ந்துபோன கரித்துண்டும் கொண்டுவந்து கொடுப்பார். ஆபீஸில் கரி எதற்கு நைனா என்று அவள் ஒருமுறை கேட்டபோது, ஸ்டோர் ரூமில் கிடந்தது என்று சமாளித்தார். அவள் அந்தக் கரியில் கொல்லையிலிருக்கும் முருங்கை மரத்தை வரைவாள், தூங்குகிற நாயை வரைவாள், துணி தேய்க்கிற அம்மாவை வரைவாள். வீரமணி அதை எட்டி நின்று பார்ப்பார். கல்லூரியில் பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார். அதே நேரத்தில், இவள் அந்தக் கல்லூரிக்கே வந்து நின்றுவிட்டால் என்று பயப்படவும் செய்வார்.

பயந்தது நடந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் வெண்மதி, அந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்றாள். ரஞ்சிதம் தடுப்பாள் என்று வீரமணி எதிர்பார்த்தார். அவளோ, நீ வேலை பார்க்கிற காலேஜ்தானே, உன் கண்ணெதிரில் இருப்பாள், இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும் என்றாள். துரைக்கண்ணு வந்து, படம் வரைகிற படிப்பு படித்தால் சோறு கிடைக்குமா மாமா என்று கேட்டான். அந்தக் கேள்விக்குச் சிங்கவரத்திலேயே சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் வீரமணி. பெங்களூர் பையனில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லியிருக்கலாம். ஆபீஸில் இருக்கிறவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால்? அதனால் வாயை மூடிக்கொண்டார். நர்ஸிங் படி, பி.காம் படி என்று ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தார்.

“இன்னா நைனா நீ? எல்லாரும் வேணாங்கறப்ப நீ ஒருத்தன் சரின்னு சொல்லுவேன்னு நெனச்சேன்,” என்றாள் வெண்மதி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்க நைனா காலேஜில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெண் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்து, நடுவில் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் தன் அப்பன் என்று பார்த்தால் என்ன நினைப்பாள்? பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவாள். தன்னைப் பார்த்து அவள் கூசிவிட்டால் அதை எப்படித் தாங்குவது? வேண்டாம் என்று சொன்னால் பிள்ளையின் ஆசை கெடும், சரி என்றால் தன் மானம் போகும். கடைசியில் மானம் போனால் போகட்டும் என்றுதான் அவர் முடிவுக்கு வந்தார். பெற்றவர் அல்லவா. இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு, நல்ல நாள் பார்த்து மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

நுழைவுத் தேர்வு நாள் வந்தது. காலையில் நினைவிலிருந்து ஒரு காட்சியை வரைய வேண்டும். மதியம் ஆளைப் பார்த்து வரைய வேண்டும். அன்றைக்கு எனக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று வீரமணி முன்கூட்டியே தனசேகரன் சாரிடம் சொல்லிவிட்டார். வில்லியனூரிலிருந்து வருகிற ஆதிமூலம் என்ற இன்னொரு மாடல் மதியத்துக்கு உட்காருவதாக ஏற்பாடு. வீரமணி இஸ்திரிச் சட்டையோடு மகளைக் கூட்டிப் போய்க் கேட்டில் விட்டார். ஆபீஸில் கொஞ்சம் வேலை இருக்கிறது, சாயங்காலம் இங்கேயே வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

விதி தேடி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனசேகரன் சார் அந்தப் பக்கமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார். இவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! ஆதிமூலத்துக்குக் காய்ச்சலாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம், நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள் வீரமணி, உங்களை விட்டால் அசையாமல் உட்கார யார் இருக்கிறார்கள் என்று தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார்.

சார், உள்ளே என் மகள் இருக்கிறாள் என்று சொல்ல வீரமணி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சொன்னால், இங்கே வேலை பார்க்கிறவரின் பெண் என்று நாளைக்கு யாராவது ஒரு பேச்சு எடுப்பார்கள். இத்தனைக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் மதிப்பெண் போடுவார்கள், தாளில் பெயர்கூட இருக்காது. ஆனாலும் ஊர்வாயை மூட முடியுமா? மாட்டேன் என்றாலோ, எங்கெங்கிருந்தோ வந்திருக்கிற பிள்ளைகள் எதைப் பார்த்து வரையும்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சட்டையைக் கழற்றி எதிர்ச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். மேடையில் ஏறி, முக்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். சாக்பீஸ் கோடு போட்டார்கள். கதவைத் திறந்தார்கள்.

பிள்ளைகள் தாள் குத்திய பலகையும் கையுமாக ஓடி வந்து இடம் பிடித்தார்கள். வரைகிறவர்கள் உட்காருவதற்கு அங்கே குதிரை மாதிரி ஏறி உட்காருகிற நீள பெஞ்சு உண்டு. முகம் நன்றாகத் தெரிகிற முன்பக்கத்துக்குத்தான் போட்டி. வெண்மதி நடுவில் வந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது சட்டை. விடியற்காலையில் அம்மா தேய்த்த சட்டை, அம்மா வைத்த அதே மடிப்போடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மேடையைப் பார்த்தாள்.

வீரமணியும் பார்த்தார். ஒரு நொடிதான். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவரால் படிக்க முடியவில்லை. முன்பக்கத்தில் இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் அதைத் தாண்டி, சுற்றிக்கொண்டு, யாருமே போகாத பின்பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அப்பன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வீரமணிக்கு அப்படித்தான் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? முகமே தெரியாத இடத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையாவது நுழைவுத் தேர்வு எழுதுமா? என்னால் அவளுக்கு இடம் போயிற்று, அவள் முன்னால் என் மரியாதையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் விழுங்கினால் கழுத்து அசையும் என்று அதையும் விழுங்கவில்லை.

கரி தாளில் உரசுகிற சத்தம் நாலாபக்கமும் எழுந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு கரி. அது மட்டும் அவருக்குத் தனியாகக் கேட்டது. கொஞ்சம்கூட நிற்காமல், யோசிக்காமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ கோபத்தில் கிறுக்குகிறாள் என்று நினைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. கல்லூரியில் என்றைக்கும் ஆடாத கால், மகள் இருக்கிற இடத்தை வீடென்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, மெல்ல ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், அப்புறம் குதிகால், அப்புறம் முழங்கால். முன்னாலிருந்த ஒரு பையன் கையைத் தூக்கி, சார், மாடல் கால் ஆட்டுகிறார் என்றான். தனசேகரன் சார் நம்பாமல் கிட்டே வந்து பார்த்தார். உடம்புக்கு முடியவில்லையா வீரமணி என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த கரியும் நின்றது.

வீரமணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வாழ்க்கையில் பெருமை என்று அவரிடம் இருந்தது இது ஒன்றுதான். அதுவும் மகளுக்கு முன்னால் போகலாமா? சும்மா உட்கார்ந்திருக்கிறவன் என்றுதானே நினைக்கிறாள், சரி, சும்மா உட்காருவது என்றால் என்னவென்று இன்றைக்குப் பார்க்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டார். பாதத்தைச் சாக்பீஸ் கோட்டுக்குள் அழுத்தினார். கால் நின்றது. நடுவில் ஓய்வுக்கு மணி அடித்தபோது பிள்ளைகள் எழுந்து போனார்கள். அவர் இறங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

கேட்டில் வெண்மதி நின்றுகொண்டிருந்தாள். சட்டை போட்டுக்கொண்டு வந்த நைனாவோடு பேசாமல் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனத்தில் அவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, பாதியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அது கோபமா, வழக்கமாகக் கொடுக்கிற பாதியா என்று அவருக்கு விளங்கவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் ஆடவே இல்லை.

செஞ்சியில் இறங்கி மொபெட்டை எடுத்தார்கள். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டிச் சிங்கவரம் ரோட்டில் திரும்பி, இரண்டு பக்கமும் மணிலாக்கொல்லை வந்ததும்தான் வீரமணிக்குப் பேச்சு வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற தைரியம்.

“ஆபீஸ்னு பொய் சொல்லிட்டேன் கண்ணு.”

“தெரிஞ்சிதே.”

“சும்மா உக்காந்துக்கினு இருக்கற வேலைன்னு எப்டி சொல்றது? அதான்.” கொஞ்ச தூரம் போனார். “அதுக்கோசரம் பின்னாடி போய் உக்காந்துட்டியே. என் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலயா?”

முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

“லூசா நைனா நீ? ஒண்ணாவதுலேந்து இந்த வண்டில பின்னாடி உக்காந்து ஸ்கூலுக்குப் போறேன். உன் மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? காலையில பஸ்ஸுக்கு ஓடுவ, வந்தா சாப்ட்டுப் படுத்துப்ப. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த முதுகுதான். சோத்தாங்கைப் பக்கம் தோளு எறங்கி இருக்குதில்ல, சின்னப் புள்ளையில அது வழியாத்தான் எட்டி ரோட்டப் பாப்பேன். முதுகுன்னா கண்ண மூடிக்கினே போடுவேன் நான். மூஞ்சின்னா சொதப்பி இருப்பேன்.”

வீரமணியால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினார். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, எதிரிலிருந்த கொல்லையைப் பார்த்துக்கொண்டு அழுதார். வெண்மதி இறங்கவில்லை. அந்த இறங்கின தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நைனா, நீ எப்படி அப்படி உட்கார்ந்திருந்தே, நான் பயந்தே போய்ட்டேன், ஒரு சமயம் மூச்சு இருக்குதா என்று பார்த்தேன் என்றாள். கால் ஆடியதும்தான் எங்க நைனாதான் என்று நிம்மதியாயிற்று என்று சிரித்தாள்.

அன்றைக்கே வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. ரஞ்சிதம் கேட்டாள், கேட்டாள், முழுக்கவும் கேட்டாள். வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கால் அங்கே கல் மாதிரி இருக்குமா என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. பொய் சொன்னதற்குத் திட்டினாள். ஆணியில் தொங்குவதற்கா இத்தனை வருஷம் கை சுட்டுக்கொண்டு தேய்த்தேன் என்று அதற்குத் தனியாகத் திட்டினாள். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில் இஸ்திரிப் பெட்டி சூடாகியிருந்தது.

“ஆணியில தொங்கினாலும் நாலு புள்ளைங்க பாக்குமில்ல,” என்று சட்டையை நீட்டினாள். “கசங்கலாத் தொங்க உடாத.”

துரைக்கண்ணுவின் காதுக்கும் விஷயம் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே வந்தான். மாமா, எனக்கும் அந்த வேலை வாங்கிக் கொடுங்கள் என்றான். ரஞ்சிதம் அவனை நடுவீட்டில் முக்காலி போட்டு உட்கார வைத்து, சோறு வேகிறவரைக்கும் அசையாமல் இரு பார்க்கலாம் என்றாள். அரிசி கொதிக்கிறதற்குள் தம்பி எழுந்து ஓடிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது பற்றி யாரும் பேசவில்லை.

வெண்மதிக்கு இடம் கிடைத்தது. தேர்வு முடிவு வந்த பிறகு வீரமணியே போய்த் தனசேகரன் சாரிடம் சொன்னார். முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் முகத்தை வரைந்துகொண்டு வந்த இடத்தில் ஒரே ஒரு முதுகு வந்தது, மதிப்பெண் போட வந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள், வரைந்தது உங்கள் மகளாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை பாருங்கள் என்றார்.

ஆடி முடிந்து கல்லூரி திறந்தது. இப்போது பாண்டி பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்கள். ஆளைப் பார்த்து வரைகிற முதல் வகுப்பில் வீரமணி வழக்கம்போலச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு மேடையில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் பெஞ்சை இழுத்துப் போட்டு இடம் பிடித்தார்கள். மகள் பின்பக்கம்தான் போவாள் என்று அவர் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். வெண்மதி தன் பெஞ்சைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நேர் எதிரில் வந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போட்டாள்.

பக்கத்திலிருந்த பெண், மாடல் அண்ணாவுக்கு அவ்வளவு கிட்டே உட்காராதே, முழு உருவம் வராது என்றாள்.

“எங்க நைனா அவரு,” என்றாள் வெண்மதி, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு தாளைப் பலகையில் குத்திக்கொண்டே அவரைப் பார்த்து, “முதுகு எனக்குத் தெரியும் நைனா. மூஞ்சிய இனிமேத்தான் கத்துக்கணும். ஆடாம இரு,” என்றாள்.

வீரமணி காலை ஆட்டவில்லை. ஆனால் உதடு அவர் பேச்சைக் கேட்கவில்லை, அது பாட்டுக்கு விரிந்துகொண்டே போயிற்று. தனசேகரன் சார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில், சரி, இன்றைக்குச் சிரிக்கிற முகத்தையே எல்லாரும் வரையுங்கள் என்று சொல்லிவிட்டார்.